இங்கிலாந்தில் நான்-லீக் கால்பந்து: முதல் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டி

பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க மெம்பர்ஷிப் வாங்கி, ஆன்லைன் வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் டிக்கெட் கிடைக்காமல் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ டூட்டிங்கிலோ இருந்தால், ஒன்றிரண்டு பஸ் ஏறினால் போதும், ஏதோ ஒரு சின்ன மைதானத்தில் சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் முன்பதிவு வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பவுண்டு கொடுத்தால் உள்ளே போய்விடலாம். கோல் கீப்பர் தன் பின்வரிசை ஆட்களைத் திட்டுவது காதில் விழும் தூரத்தில் நின்று பார்க்கலாம். கால்பந்தை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது தனி சுகம்.

ஆனால் எதுவும் விசாரிக்காமல் கிளம்பினால் பூட்டிய கேட்டின் முன் போய் நிற்க வேண்டிவரும். தவறுகள் எப்போதும் அதே நாலைந்து இடங்களில்தான் நடக்கின்றன: ஸ்டேஷன் மாறிப் போவது, தேதி மாறியது தெரியாமல் போவது, மழையால் ஆட்டம் ரத்தானதைப் பார்க்காமல் போவது, கார்டு வாங்காத இடத்துக்குப் பணமில்லாமல் போவது. கீழே உள்ளதை வரிசையாகச் செய்தால் இவை எதிலும் மாட்ட மாட்டீர்கள்.

1. முதலில் 'ஸ்டெப்' கணக்கு

பிரீமியர் லீக், அதற்குக் கீழே உள்ள மூன்று ஈஎஃப்எல் (இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்) டிவிஷன்கள் இரண்டிலும் சேர்த்து 92 கிளப்புகள். அதற்குக் கீழே இருப்பது எல்லாமே நான்-லீக். அங்கேயும் லீக்குகள்தான் நடக்கின்றன. பெயர்தான் அப்படி.

நான்-லீக்கை ஸ்டெப் 1, ஸ்டெப் 2 என்று எண்ணிட்டுச் சொல்வார்கள். ஸ்டெப் 1 என்பது நேஷனல் லீக். 24 கிளப்புகள், பெரும்பாலும் முழுநேர ஆட்டக்காரர்கள். ஸ்டெப் 2 நேஷனல் லீக் நார்த், நேஷனல் லீக் சவுத். ஸ்டெப் 3, 4 இரண்டிலும் இஸ்த்மியன், சதர்ன், நார்தர்ன் பிரீமியர் ஆகிய மூன்று லீக்குகளின் டிவிஷன்கள் இருக்கின்றன. ஸ்டெப் 5, 6-இல் வட்டார லீக்குகள்: லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் சீனியர், மேற்கிலும் தென்மேற்கிலும் கம்பைன்ட் கவுண்டிஸ், தென்கிழக்கிலும் கென்டிலும் சதர்ன் கவுண்டிஸ் ஈஸ்ட். ஸ்டெப் 7-இலிருந்து கவுண்டி (மாவட்ட) லீக். அங்கே பல இடங்களில் நுழைவுக் கட்டணமே இல்லை, கயிறு கட்டிய பூங்கா மைதானமாகக்கூட இருக்கும்.

இதில் இரண்டு குழப்பங்கள் வரும். சில தளங்கள் ஸ்டெப் சொல்லாமல் 'லெவல்' சொல்லும். ஸ்டெப் எண்ணோடு 4-ஐக் கூட்டினால் லெவல்: லெவல் 8 என்றால் ஸ்டெப் 4. அடுத்தது, 'பிரீமியர்' என்ற சொல்லைப் பார்த்து மயங்காதீர்கள். இஸ்த்மியன் பிரீமியர் டிவிஷன், நார்தர்ன் பிரீமியர் லீக் எல்லாமே நான்-லீக்தான்.

முதல் ஆட்டத்துக்கு ஸ்டெப் 3 அல்லது 4 பாருங்கள் என்பதுதான் எங்கள் உறுதியான பரிந்துரை. சில நூறு பேர் கூட்டம், நிற்கக் கூரை, டீ, ஒழுங்கான கழிப்பறை எல்லாம் இருக்கும். ஆட்டத்தின் தரமும் நன்றாக இருக்கும். ஸ்டெப் 1-இல் ஆட்டம் சிறப்பு, ஆனால் காவலும் கட்டுப்பாடும் பெரிய மைதானம் போலவே இருக்கும். ஸ்டெப் 6-க்கு முதலிலேயே போனால் முப்பது நாற்பது பேரோடு தனியாக நிற்பதுபோல் தோன்றலாம். பழகியபின் பலருக்குப் பிடித்துப்போவது அந்த இடம்தான். அதை மூன்றாவது நான்காவது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. மைதானத்தைத் தேர்ந்தெடுப்பது: கிளப் பெயரை நம்பி ரயில் ஏறாதீர்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கிளப்பின் பெயரில் இருக்கும் ஊர் வேறு, மைதானம் இருக்கும் இடம் வேறு. இந்த உதாரணங்களைப் பாருங்கள்.

வீல்ட்ஸ்டன் கிளப்பின் ஆட்டத்துக்கு ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டன் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானத்தைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவர்களுடைய கிரோவ்னர் வேல் மைதானம் ரைஸ்லிப்பில் இருக்கிறது. ரைஸ்லிப் அல்லது ரைஸ்லிப் கார்டன்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டும்.

டூட்டிங் அண்ட் மிச்சம் யுனைடெட்டின் இம்பீரியல் ஃபீல்ட்ஸ் மைதானம் மார்டனில், பிஷப்ஸ்ஃபோர்ட் ரோட்டில் இருக்கிறது. டூட்டிங் பிராட்வேயில் இறங்கி நடந்தே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பது மிச்சம் டிராம் நிறுத்தம்.

கிளாப்டன் கம்யூனிட்டி எஃப்.சி. ஆடும் பழைய ஸ்பாட்டட் டாக் மைதானம் ஹாக்னியில் உள்ள கிளாப்டனில் இல்லை. ஃபாரஸ்ட் கேட்டில், அப்டன் லேனில் இருக்கிறது. ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் இருப்பவர்களுக்கு மிக அருகில். அங்கே இன்னொரு கவனம் தேவை: கிளாப்டன் எஃப்.சி. என்று பெயர் கொண்ட வேறொரு கிளப்பும் உண்டு. தேடும்போது 'கம்யூனிட்டி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

லண்டனுக்கு வெளியேயும் இதே கதை. 1857-இல் தொடங்கிய ஷெஃபீல்ட் எஃப்.சி.யின் மைதானம் ஷெஃபீல்டில் இல்லை, டர்பிஷயரில் டிரான்ஃபீல்ட் என்ற ஊரில் இருக்கிறது.

சொந்த மைதானம் இல்லாத கிளப்புகள் வேறொரு கிளப்பின் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடுவதும் சகஜம். கிரே வாண்டரர்ஸ் பல ஆண்டுகள் புரோம்லியின் ஹேய்ஸ் லேன் மைதானத்தில்தான் ஆடியது. இப்படிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒவ்வொரு சீசனும் மாறலாம். அதனால் போன வருடத்துத் தகவலை வைத்துப் போகாதீர்கள். விளம்பரதாரர் மாறும்போது மைதானத்தின் பெயரும் மாறிவிடும். கிளப்பின் சொந்தத் தளத்தில் 'மைதானத்துக்கு வழி' பக்கத்தைத் திறந்து, அதில் உள்ள போஸ்ட்கோடை எடுத்து மேப்பில் போடுங்கள். பெயரைப் போட்டுத் தேடாதீர்கள்.

ஸ்டேஷனிலிருந்து எளிதாக நடந்து போகக்கூடியவற்றில் முதல்முறைக்கு நல்லவை சில. டல்லிச் ஹாம்லெட்டின் சாம்பியன் ஹில் ஈஸ்ட் டல்லிச் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்த மட்டத்துக்கு மிகப் பெரிய கூட்டம் வரும், சில ஆட்டங்களுக்கு டிக்கெட் முன்பே தீர்ந்துவிடும், அதனால் இதற்கு மட்டும் ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். கொரிந்தியன்-கேஷுவல்ஸின் கிங் ஜார்ஜ்ஸ் ஃபீல்ட் டோல்வொர்த்தில் இருக்கிறது, நியூ மால்டன், சர்பிட்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். ஹாம்ப்டன் அண்ட் ரிச்மண்டின் பெவரீ மைதானம் ஹாம்ப்டன் ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடை. ஒரு நாள் வெளியூர் போகலாம் என்றால் லூயிஸ் போங்கள். லண்டன் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். டிரிப்பிங் பேன் என்ற அங்குள்ள மைதானம் ஒரு பள்ளத்துக்குள் அமைந்திருக்கிறது. சுற்றியுள்ள புல்மேட்டில் நின்றால் முழு ஆட்டமும் கண்ணுக்குக் கீழே விரியும், பின்னால் குன்றுகள். இங்கிலாந்தில் ஒரே ஒரு சின்ன மைதானம் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்களை நாங்கள் அங்கேதான் அனுப்புகிறோம்.

3. தேதியை இரண்டு முறை சரிபாருங்கள்

சீசன் ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் கடைசி வரை. வழக்கமான நேரம் சனிக்கிழமை மதியம் 3 மணி. நடுவாரத்தில் செவ்வாய் இரவு 7:45. சில கிளப்புகளுக்குத் திங்கள் அல்லது புதன். ஜூலையில் நட்பு ஆட்டங்கள் இருக்கும், கட்டணம் குறைவு, வெயிலும் இருக்கும். குளிர் பயம் உள்ளவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

அட்டவணை கிடைக்கும் இடங்கள்: கிளப்பின் தளம், லீக்கின் தளம், கீழ்மட்ட லீக்குகளுக்கு எஃப்.ஏ.வின் (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) 'ஃபுல்-டைம்' தளம். அட்டவணை படிக்கும்போது 'எச்' என்றால் சொந்த மைதானம், 'ஏ' என்றால் எதிரணியின் மைதானம். அதோடு அது முதல் அணியின் ஆட்டமா என்றும் பாருங்கள். ரிசர்வ் அணி, 23 வயதுக்குட்பட்டோர் அணி, பெண்கள் அணி எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். பெண்கள் அணியின் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு மதியம். தரமான ஆட்டம், கட்டணமும் குறைவு, தேடிப் போய்ப் பார்க்கலாம். வேறு மைதானத்தில் நடக்கலாம் என்பதை மட்டும் கவனியுங்கள்.

தேதி ஏன் மாறுகிறது என்று தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். எஃப்.ஏ. கோப்பை ஆகஸ்டிலேயே சின்ன கிளப்புகளோடு தொடங்கிவிடும். ஆறு தகுதிச் சுற்றுகள் முடிந்த பிறகே நவம்பரில் முதல் சுற்று வரும். அதோடு எஃப்.ஏ. டிராஃபி, எஃப்.ஏ. வேஸ், கவுண்டி கோப்பைகள். ஒரு கிளப் கோப்பையில் வென்று அடுத்த சுற்றுக்குப் போய்விட்டால், அந்தச் சனிக்கிழமைக்குப் போட்டிருந்த லீக் ஆட்டம் ஒரு செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போகும். இதற்கு எதிரணி வென்றாலும் போதும். ஆகஸ்டில் பார்த்து நாள்காட்டியில் குறித்துவைத்த அக்டோபர் ஆட்டம் இப்படித்தான் காணாமல் போகிறது. கோப்பை ஆட்டங்களில் கட்டணமும் மாறலாம். ஒரு வாரம் முன்பு ஒரு தடவை, முதல் நாள் இரவு ஒரு தடவை பாருங்கள்.

பிரீமியர் லீக்குக்குச் சர்வதேச இடைவேளை வரும் ஒரு சனிக்கிழமையை 'நான்-லீக் டே' என்று 2010 முதல் கொண்டாடுகிறார்கள். அன்று பல கிளப்புகள் கட்டணத்தைக் குறைக்கும். கூட்டமும் கூடும்.

4. ஆட்டம் நடக்கும் நாள் காலை

நவம்பர் முதல் மார்ச் வரை இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. இயற்கைப் புல் மைதானத்தில் தண்ணீர் தேங்கினாலும் உறைபனி பிடித்தாலும் ஆட்டம் தள்ளிவைக்கப்படும். நடுவரோ உள்ளூர் நடுவர் ஒருவரோ வந்து மைதானத்தைச் சோதிப்பார்; காலை 9, 10 மணிக்கு ஒரு சோதனை, சந்தேகமாக இருந்தால் நண்பகலில் இன்னொன்று. சோதனை இருக்கிறது என்பதையும் முடிவையும் கிளப்புகள் முதலில் போடுவது தங்கள் எக்ஸ் கணக்கில். தளத்தில் அன்று மாலை வரை பழைய தகவலே நிற்கும். அதனால் போகப்போகும் கிளப்பின் கணக்கைத் தொடர்ந்துவிட்டு, வீட்டைவிட்டுக் கிளம்பும்முன் ஒரு தடவை, ரயிலில் ஏறும்முன் ஒரு தடவை பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பக்கம் வெயில் அடிக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாள் முன்பு பெய்த மழை களிமண் மைதானத்தில் வடியாமல் நிற்கும். உறைபனி நாளில் கூரை நிழல் விழும் பக்கம் மட்டும் கல்லாக இருக்கும், அதற்காகவே ஆட்டத்தை நிறுத்துவார்கள்.

மாற்று ஏற்பாடு எளிது. 3ஜி எனப்படும் செயற்கைப் புல் மைதானம் வைத்திருக்கும் கிளப் ஒன்றை உங்கள் பக்கத்தில் கண்டுபிடித்துக் குறித்துவையுங்கள். மழையால் அங்கே ஆட்டம் நிற்பது அபூர்வம். ஜனவரி மாதத்தில் மைதானம் மைதானமாக ஆட்டம் ரத்தாகும் சனிக்கிழமைகளில் அதுதான் கைகொடுக்கும். ஆன்லைனில் டிக்கெட் வாங்கியிருந்தால், தள்ளிவைத்த ஆட்டத்துக்கு அது செல்லுமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்று வாங்கும் பக்கத்திலேயே படித்துவிடுங்கள். குளிர்காலத்தில் முன்பதிவு செய்யாமல் இருப்பதே நல்லது.

5. கையில் வைத்திருக்க வேண்டியவை, ஆகும் செலவு

அடையாள ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள். மாணவர் சலுகை வேண்டுமானால் பல்கலைக்கழக அட்டை. எல்லாக் கிளப்பும் மாணவருக்குச் சலுகை தருவதில்லை. விலைப்பட்டியலில் 'கன்செஷன்' என்று போட்டிருந்தால் அதில் யார் அடக்கம் என்று பாருங்கள், சில இடங்களில் முதியவர்கள் மட்டும்தான்.

நுழைவுக் கட்டணம் சுமாராக இப்படி: ஸ்டெப் 1-இல் 20 பவுண்டை ஒட்டி, ஸ்டெப் 3-இல் 12 முதல் 15, ஸ்டெப் 4-இல் 10 முதல் 13, ஸ்டெப் 5, 6-இல் 6 முதல் 10 பவுண்டு வரை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பல இடங்களில் இலவசம் அல்லது ஒன்றிரண்டு பவுண்டு.

ஒரு சனிக்கிழமைக்கு உத்தேசக் கணக்கு: நுழைவு 12, புரோகிராம் (ஆட்டத்துக்காக அச்சிடும் சிறு இதழ்) 3, டீ 1.50, சிப்ஸ் 4, லண்டனுக்குள் போக வர பஸ் 3.50. மொத்தம் 24 பவுண்டு.

கார்டும் வேண்டும், பணமும் வேண்டும். சில கிளப்புகள் கேட்டில் கார்டு மட்டும் வாங்கும். சில இடங்களில் கேட்டில் கார்டு, டீ பாரில் பணம் மட்டும். கீழ் ஸ்டெப்களில் கார்டு இயந்திரத்துக்கு சிக்னல் கிடைக்காமல் வரிசை நின்றுவிடும். 5, 10 பவுண்டு நோட்டுகளாக 25 பவுண்டும், கொஞ்சம் ஒரு பவுண்டு நாணயமும் வைத்துக்கொள்ளுங்கள். 50 பவுண்டு நோட்டை நீட்டினால் சில்லறை இருக்காது.

6. போக்குவரத்து

வார இறுதியில்தான் ரயில் பாதைப் பராமரிப்பு வேலை நடக்கும். நேஷனல் ரெயில் தளத்திலும் டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து அமைப்பு) தளத்திலும் அந்தச் சனிக்கிழமைக்கான மாற்றங்களைப் பாருங்கள். 'ரயிலுக்குப் பதில் பஸ்' என்று போட்டிருந்தால் முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போவதென்றால் ரயில்கார்டு என்ற சலுகை அட்டை இருந்தால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மாதம் ஒரு பயணம் போனாலே ஆண்டுக் கட்டணம் கழிந்துவிடும்.

டிசம்பர் 26 அன்று பக்கத்து ஊர் அணிகளுக்கிடையே ஆட்டம் வைப்பது இங்கே வழக்கம். பார்க்க வேண்டிய ஆட்டம்தான், ஆனால் அன்று பெரும்பாலான ரயில்கள் ஓடாது. நடந்தோ நண்பர் காரிலோ போகக்கூடிய மைதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் 1 மணிக்கே தொடங்கலாம்.

சனிக்கிழமை ஆட்டம் 4:55 அளவில் முடியும். செவ்வாய் இரவு ஆட்டம் 9:40 ஆகிவிடும். கோப்பை ஆட்டமாக இருந்து கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தால் 10:15-ஐத் தாண்டும். கிளம்பும்முன்பே திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள்.

7. உடை

வெளியே எட்டு டிகிரி என்றால் சின்ன மைதானத்தில் அசையாமல் இரண்டு மணி நேரம் நிற்கும்போது அது இரண்டு டிகிரி மாதிரி இருக்கும். குளிர் ஏறுவது காலிலிருந்துதான். கான்கிரீட் தரை செருப்பு வழியாகவே சூட்டை உறிஞ்சிவிடும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், மழை தாங்கும் மேல்சட்டை, தொப்பி. டிசம்பர் நடுவில் லண்டனில் 3:50-க்கே சூரியன் இறங்கிவிடும், இரண்டாம் பாதி முழுக்க விளக்கொளியில்தான். குடை கொண்டுபோகலாம், ஆனால் விரித்தால் பின்னால் நிற்பவருக்கு ஆட்டம் தெரியாது. தலைமூடி உள்ள ஜாக்கெட் போதும்.

எந்தக் கிளப்பின் நிறத்தையும் அணியத் தேவையில்லை. ஸ்டெப் 2-க்குக் கீழே பெரும்பாலும் இரு தரப்பு ரசிகர்களையும் பிரிக்க மாட்டார்கள்.

8. வாசலில்

2:15-க்குப் போய்ச் சேருங்கள். டர்ன்ஸ்டைல் எனப்படும் சுழல்கேட் பல இடங்களில் இடுப்பளவுதான் அகலம். பெரிய முதுகுப்பையோடு போனால் கம்பியில் மாட்டிக்கொள்ளும். பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டு, பணம் கொடுத்து, கம்பியை வயிற்றால் தள்ளினால் 'கடக்' என்று ஒரு பல் சுழன்று உங்களை உள்ளே விடும். ஒரு தள்ளுக்கு ஒருவர். கைக்குழந்தை, தள்ளுவண்டி, சக்கர நாற்காலி என்றால் பக்கத்தில் அகலமான கேட் இருக்கும், கேட்டால் திறப்பார்கள்.

உள்ளே நுழைந்ததும் புரோகிராம் இருக்கிறதா என்று கேளுங்கள். அச்சிடுவதைப் பல கிளப்புகள் நிறுத்திவிட்டன. அச்சிடும் இடங்களிலும் ஐம்பது அறுபது பிரதிகள்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். அன்றைய அணிப்பட்டியலை டீ பார் பக்கத்திலோ கிளப்ஹவுஸ் சுவரிலோ ஒரு வெள்ளைப் பலகையில் கையால் எழுதி வைத்திருப்பார்கள். எல்லோரும் போனில் அதைப் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்களின் முதுகில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்தப் படம் இல்லாமல் யார் யார் என்று தெரியாது.

'கோல்டன் கோல்' என்று ஒரு பவுண்டுக்குச் சீட்டு விற்பார்கள். அதில் உள்ள நிமிடத்தில் முதல் கோல் விழுந்தால் பரிசு. 'ஃபிஃப்டி-ஃபிஃப்டி' என்றால் வசூலில் பாதி வென்றவருக்கு, பாதி கிளப்புக்கு. வாங்குவது கட்டாயமில்லை. ஆனால் கேட்டில் பணம் வாங்குபவர், டீ ஊற்றுபவர், கோடு போடுபவர் எல்லோரும் சம்பளம் இல்லாமல் வேலை செய்பவர்கள். நீங்கள் கொடுக்கும் அந்த ஒரு பவுண்டு அடுத்த மாத மின்கட்டணத்துக்குப் போகிறது. முடிந்தவர்கள் வாங்குங்கள், டீயையும் உள்ளேயே குடியுங்கள்.

9. எங்கே நிற்பது, எப்படி நடந்துகொள்வது

எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். இருக்கைக்கும் தனிக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. மைதானத்தைச் சுற்றியுள்ள கம்பியில் கை வைத்து நின்றால் பக்கவாட்டுக் கோடு ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில்தான் இருக்கும். பயிற்சியாளர்களும் மாற்று ஆட்டக்காரர்களும் உட்காரும் டக்அவுட்டுக்குப் பக்கத்தில் நின்றால் பயிற்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முழுக்கக் கேட்கும். ஆட்டம் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. சிறு பிள்ளைகளோடு வந்தவர்கள் அங்கே நிற்க வேண்டாம், கெட்ட வார்த்தை தாராளமாக வரும்.

கோலுக்குப் பின்னால் நிற்பவர்கள் பந்தைவிட்டுக் கண் எடுக்கக் கூடாது. ஆட்டத்துக்கு முன் பயிற்சியடி நடக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்: ஒரே நேரத்தில் நாலைந்து பந்து வரும். கையில் கொதிக்கும் டீயோடு அங்கே போகாதீர்கள்.

இடைவேளையில் ஒன்றைக் கவனிப்பீர்கள். அணிகள் பக்கம் மாறும், கூடவே ரசிகர்களும் மாறுவார்கள். தங்கள் அணி கோல் அடிக்கப்போகும் பக்கம் போய் நிற்பதற்காக இரு கூட்டமும் கொடிகளைச் சுருட்டிக்கொண்டு எதிரெதிரே நடந்து, நடுவில் டீ வரிசையில் கலந்து நின்று, பேசிவிட்டுப் பிரியும். நீங்களும் சேர்ந்து நடக்கலாம். டீ வரிசையில் நிற்க வேண்டாம் என்றால் 40-ஆவது நிமிடத்திலேயே போய் வாங்கிவிடுங்கள்.

பந்து கம்பியைத் தாண்டி உங்களிடம் வந்தால் எடுத்து அருகில் உள்ள ஆட்டக்காரரிடம் கொடுங்கள். அதற்காக உள்ளே இறங்காதீர்கள். போனில் படம் எடுக்கலாம். பெரிய லென்ஸ் கேமரா என்றால் முன்பே கிளப்பிடம் கேளுங்கள். பந்து பொறுக்கும் பிள்ளைகளையும் அணியோடு நடந்துவரும் பிள்ளைகளையும் படம் எடுக்காதீர்கள். நாயைக் கயிற்றோடு கூட்டிவர அனுமதிக்கும் கிளப்புகள் நிறைய. நாய் பயம் உள்ள பிள்ளைகள் இருந்தால் இருக்கைப் பக்கம் போய்விடுங்கள்.

கீழ் ஸ்டெப்களில் ஒருவர் மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போய், பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வருவதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். நடுவரை எதிர்த்துப் பேசியதற்கான 'சின் பின்' தண்டனை அது.

இனவெறிப் பேச்சு காதில் விழுந்தால், உங்களைக் குறித்ததாக இருந்தாலும் ஆட்டக்காரரைக் குறித்ததாக இருந்தாலும், பொறுத்துக்கொண்டு நிற்காதீர்கள். நீங்களே போய் மோத வேண்டாம். ஒளிரும் மேல்சட்டை அணிந்த ஸ்டூவர்டிடமோ கேட்டில் இருப்பவரிடமோ உடனே சொல்லுங்கள். நிமிடம், இடம், சொன்ன சொல் மூன்றையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். கிக் இட் அவுட் அமைப்பின் செயலி வழியாகவும் எஃப்.ஏ.விடமும் புகார் தரலாம்.

10. சாப்பாடும் குடியும்

நம்மவர்கள் கேட்டு வாங்க வேண்டிய இடம் இது. 'போவ்ரில்' என்று கப்பில் சூடாகத் தருவது மாட்டிறைச்சிச் சாறு. குளிருக்கு எல்லோரும் குடிக்கிறார்களே என்று வாங்கிவிடாதீர்கள். பர்கர் என்றாலே மாட்டிறைச்சி, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டமும் பெரும்பாலும் அதுவே. ஹலால் கிடைப்பது அரிது. வட இங்கிலாந்தில், குறிப்பாக யார்க்‌ஷயரில், சிப்ஸையே மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் உண்டு. எந்த எண்ணெய் என்று கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சைவத்துக்குச் சீஸ் போட்ட சிப்ஸ், டீ, சாக்லேட் இவ்வளவுதான். பசி தாங்காதவர்கள் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுபோகலாம், ஸ்டெப் 3-க்குக் கீழே பையைச் சோதிப்பது அபூர்வம்.

மது விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரீமியர் லீக்கிலிருந்து ஸ்டெப் 1 வரையுள்ள ஆட்டங்களில் மைதானம் தெரியும் இடத்தில் மது அருந்தக் கூடாது. ஸ்டெப் 2-இலிருந்து அந்தத் தடை இல்லை, பியரோடு கம்பியோரம் நிற்கலாம். ஆனால் பிளாஸ்டிக் கோப்பையில் மட்டும். கண்ணாடிக் கிளாஸோடு கிளப்ஹவுஸைவிட்டு வெளியே வந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

11. கிளப் உங்களை விளையாடக் கூப்பிட்டால்

நாலைந்து ஆட்டங்களுக்குப் போனால் முகம் பழகிவிடும், 'நீ ஆடுவாயா, பிள்ளைகளுக்குப் பயிற்சி தர வருவாயா' என்று கேட்பார்கள். ஒப்புக்கொள்ளும்முன் விசாவைப் பாருங்கள். ஸ்டூடண்ட் விசா, கிராஜுவேட் விசா இரண்டிலும் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ இருக்கத் தடை உண்டு. பகுதித் தொழில்முறை மட்டமும் அதில் அடக்கம், பணம் வாங்காவிட்டாலும் அடக்கம். ஸ்டெப் 1 முதல் 6 வரையுள்ள கிளப்பில் பதிவு செய்வது இந்தத் தடைக்குள் வந்துவிடலாம். 'பயணச்செலவு மட்டும்தான் தருகிறோம்' என்ற சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவையுங்கள். பூங்காவில் நடக்கும் ஞாயிறு லீக்கில் பொழுதுபோக்காக ஆடுவது இதில் வராது.

இந்தியாவிலோ இலங்கையிலோ ஏதாவது கிளப்பில் பதிவு செய்து ஆடியிருந்தால், இங்கே பதிவு செய்யும்முன் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் தேவை. கிளப் செயலாளர் எஃப்.ஏ. வழியாக விண்ணப்பிப்பார். கடைசியாக ஆடிய கிளப்பின் பெயர், ஆண்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர் மூன்றையும் கொடுங்கள். நம் பெயர்களில் இனிஷியலும் தகப்பன் பெயரும் இடம் மாறி எழுதப்படுவதால் விண்ணப்பம் திரும்பி வருவதுண்டு. அங்கே பதிவில் எப்படி எழுதியிருந்ததோ அதையும் தனியாகக் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.